ரொட்டி அடுப்பும் கர்ப்பிணியின் ஆகாரமும்

ஒரு காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு வீட்டு வாசலில் ரொட்டிப் பொட்டலம் வந்து இறங்கினால், "யாருக்கு ஜுரம்?" என்றுதான் எதிர்வீட்டார் கேட்பார்கள். பாலில் தோய்த்த ரொட்டி நோயாளிகளின் பத்திய உணவாக இருந்ததே தவிர, நல்ல தேக நிலையில் இருப்பவர்கள் அதை நாடியதில்லை. பிஸ்கோத்து என்னும் சொல்லே போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனது. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் செய்த டச்சுக்காரரும் கோதுமை உண்பவர்களே. ஆயினும் கப்பலில் வந்த ரொட்டி, கரையைத் தாண்டி நம் சமையலறைக்குள் நுழையச் சில நூற்றாண்டுகள் பிடித்தன.

இன்றைக்கு நிலைமை வேறு. கூடுவாஞ்சேரியிலும் திருப்போரூரிலும் மாமல்லபுரத்துச் சாலையோரத்திலும் புதிதாக எழும்பியிருக்கும் வீடுகள் பலவற்றில் மின்சார ரொட்டியடுப்பு குடிபுகுந்துவிட்டது. "அவன் வாங்கியாயிற்று" என்று மருமகள் சொன்னால், "எவன்?" என்று பாட்டி கேட்கிறாளாம். வீட்டில் ரொட்டி சுடுவதில் நமக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, மிகவும் சந்தோஷமே. ஆனால் இதையொட்டிப் பரவி வரும் ஒரு நம்பிக்கையைப் பற்றி இந்த வாரம் எழுதாமல் இருக்க முடியவில்லை. கேழ்வரகுக் கேக்கும் சத்துமாவுப் பிஸ்கோத்தும் கர்ப்பிணிகளுக்கு ரத்தம் ஊறச் செய்யும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அதோடு நின்றால் பாதகமில்லை. பிஸ்கோத்தை நம்பி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48.3 பேருக்கு ரத்த சோகை. ஏறக்குறைய இருவரில் ஒருவர்! ரத்தம் குன்றிய உடம்பு பிரசவ காலத்தில் சற்று அதிகமாக உதிரப்போக்கு ஏற்பட்டாலும் தாங்காது. ஆகையால் ரொட்டியால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பதை நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

முதலில் கடை ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தார், அந்நகரில் விற்ற ரொட்டி, பன், பாவ் முதலியவற்றில் 38 மாதிரிகளைச் சோதித்தார்கள். அவற்றில் நூற்றுக்கு 84 பங்கில் பொட்டாசியம் புரோமேட்டோ பொட்டாசியம் அயோடேட்டோ இருக்கக் கண்டார்கள். மாவு நன்றாக உப்பி வெளுப்பாக இருப்பதற்குச் சேர்க்கும் சரக்குகள் இவை. புரோமேட் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுவதால், அடுத்த மாதமே சர்க்கார் அதைத் தடை செய்தார்கள். வனஸ்பதி போன்ற கெட்டிக் கொழுப்பில் உள்ள 'டிரான்ஸ்' கொழுப்பும் 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாதென்று கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே கடைக்காரர்கள் எல்லோரையும் விஷம் விற்பவர்களென்று தூற்றுவது நியாயமாகாது. ஆனால் பழுப்பு நிற ரொட்டியெல்லாம் முழுக்கோதுமை ரொட்டி என்று நினைத்து ஏமாறவும் வேண்டாம். கருக்கிய சர்க்கரையினால் மைதாவுக்கும் அந்த நிறத்தைக் கொடுக்கலாம். உறையின்மேல் எழுதியிருக்கும் சாமான் பட்டியலில் முதலில் வருவது எது என்று படித்துப் பார்த்து வாங்குவதே உசிதம்.

தவிடு நீக்காத மாவில் வீட்டிலேயே ரொட்டி செய்து உண்ட பெரியவர் ஒருவரை நேயர்கள் அறிவார்கள். மகாத்மா காந்தி ஜோஹன்னஸ்பர்க் நகரில் பாரிஸ்டராக இருந்த காலத்தில், கடை ரொட்டி வாங்குவதை விட்டு, கூனே என்னும் ஜெர்மானியரின் முறைப்படி வீட்டிலேயே புளிப்பில்லாத முழுக்கோதுமை ரொட்டி செய்யத் தொடங்கினார். ஆலை மாவு அதற்கு உதவாதென்று ஏழு பவுன் கொடுத்து ஒரு கைமாவு யந்திரம் வாங்கினார். அதன் இரும்புச் சக்கரம் ஒருவரால் சுற்ற முடியாத கனம். காந்தியடிகளும் அவருடைய நண்பர் போலக்கும் குழந்தைகளும் அதைச் சுற்றுவது வழக்கம். கஸ்தூரிபா சில சமயங்களில் கைகொடுப்பார். இதை 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார். வீட்டு ரொட்டி பிசையும் வேலை முழுவதும் ஸ்திரீகளுக்கே உரியது என்று எண்ணும் கணவன்மார்கள் இந்த அத்தியாயத்தை ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம்.

ஆனால் நாம் சொல்லப்போகும் ரொட்டி புளிப்பில்லாத ரொட்டி அன்று. புளிக்க வைத்த ரொட்டி. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் ஒரு பகுதி நம் சென்னை மாகாணத்திலேயே கண்டறியப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

1928-ஆம் ஆண்டில் லூஸி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் ஒரு விதமான கடும் ரத்த சோகையினால் வருந்தினார்கள், பலர் இறந்தார்கள். இரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பருத்திருந்தன. கிருமிகளால் வந்ததோ என்று தேடினார். அப்படி ஒன்றும் அகப்படவில்லை. பிறகு அவர்களுடைய ஆகாரத்தின்மேல் பார்வையைச் செலுத்தினார். 1929-இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். அங்கேதான் ராபர்ட் மக்காரிஸன் இந்தியாவின் பல பிரதேசத்து உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, தீட்டிய அரிசியை நம்பிய உணவு மிகவும் சத்துக் குறைந்ததென்று காட்டியவர். 1931-இன் தொடக்கத்தில் லூஸி வில்ஸ் சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர். ஆனாலும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொன்னால்தான் பலருக்கு இடம் தெரியும்.

அவர் கண்ட மருந்து என்ன? மார்மைட் என்று சீமையில் ரொட்டியின்மேல் தடவி உண்ணும் கறுப்புக் குழம்பு. பீர் காய்ச்சும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மலிவான சரக்கு. சோகை பிடித்த குரங்குக்கு அதைக் கொடுத்தார், தேறிற்று. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-இல் இதை வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பொருள் இன்னதென்று அப்போது தெரியாததால் 'வில்ஸ் அம்சம்' என்றே பெயர் வழங்கிற்று. பத்து வருஷங்கள் கழித்து, 1941-இல், அமெரிக்க விஞ்ஞானிகள் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு 'போலிக் அமிலம்' என்று பெயரிட்டார்கள். கருவுற்ற முதல் 28 நாட்களுக்குள் குழந்தையின் முதுகுத்தண்டு நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடுவதற்கு இந்த அமிலம் துணை செய்கிறதென்று 1991-இல் நிரூபணமாயிற்று. பெரும்பாலான பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பவதி என்று அந்த 28 நாட்களுக்குள் தெரிந்திராது. ஆகையால்தான் குழந்தைப் பேற்றை விரும்பும்பொழுதே தினம் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உட்கொள்ளும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு ஈஸ்ட் போட்ட ரொட்டியே மருந்து என்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஒரு ரொட்டிக்கு நாம் போடும் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டிகூட இராது. அதிலும் ஒரு பகுதி சத்து அடுப்பின் உஷ்ணத்தில் அழிந்துபோகும். ஈஸ்ட் வேறொரு உபகாரம் செய்கிறது. கோதுமைத் தவிட்டிலும் கேழ்வரகிலும் இரும்பைப் பற்றிக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் 'பைட்டேட்' என்னும் பொருள் இருக்கிறது. மாவு பல மணி நேரம் புளிக்கும்போது இது சிதைந்து குறைகிறது. இட்லி மாவை இரவெல்லாம் புளிக்க வைத்த நம் முன்னோர்களுக்கு இந்த ரசாயனம் தெரியாது. அதன் பலன் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஆவியில் வேகும் காஞ்சீபுரம் இட்லியும் புளித்த மாவுதான். 1997 வரையில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊர் அது. கடற்கரைக் குப்பங்களில் முதல் நாள் கரைத்து மறுநாள் குடிக்கும் கேழ்வரகுக் கூழும் இந்த வர்க்கமே. ரொட்டிக்கும் அதே பக்குவத்தைக் கையாள வேண்டும்.

அளவு சொல்கிறோம். இரவு படுக்கப் போகுமுன் முழுக்கோதுமை மாவு 200 கிராம், தண்ணீர் 200 மில்லி, ஈஸ்ட் ஒரு சிட்டிகை. மூன்றையும் கலந்து மூடி வையுங்கள். காலையில் கலவை உப்பிக் குமிழி விட்டு, இட்லி மாவைப் போல இனிய புளிப்பு வாசனையோடு இருக்கும். அதில் இன்னும் 100 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் கேழ்வரகு மாவு, ஏறக்குறைய 100 மில்லி தண்ணீர், அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி பொடித்த வெல்லம், இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துப் பத்து நிமிஷம் பிசைய வேண்டும். கேழ்வரகு நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கோதுமையில் உள்ள பசை அதில் இல்லாததால், மேலும் சேர்த்தால் ரொட்டி எழும்பாமல் செங்கல்லாகிவிடும். பிசைந்த மாவு இரு மடங்கு உப்பியபின் எண்ணெய் தடவிய தகரத்தில் இட்டு, மீண்டும் அரை மணி முதல் முக்கால் மணி வரையில் வைத்து, 200 டிகிரி உஷ்ணத்தில் 35 அல்லது 40 நிமிஷம் சுட வேண்டும். வெந்த ரொட்டியின் அடிப்பக்கத்தை விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல 'டொக் டொக்'கென்று கேட்கும். ஆறிய பிறகே வெட்ட வேண்டும்.

சீமைப் புஸ்தகங்களில் கதகதப்பான இடத்தில் இரண்டு மணி நேரம் வையுங்கள் என்று எழுதியிருக்கும். சித்திரை வைகாசியில் செங்கற்பட்டுக்கு அந்த யோசனை எதற்கு? ஊரே கதகதப்பான இடம்! ஒரு மணிக்கும் குறைவான நேரத்தில் மாவு பொங்கி வழிந்துவிடும். அந்த மாதங்களில் இரவுக் கலவைக்குக் குளிர்ந்த தண்ணீர் விடுவது நலம். மாமல்லபுரம், கோவளம் பக்கத்தில் கடற்காற்றின் ஈரத்தினால் மாவே சற்றுப் பதமாக இருக்கும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். திறந்த ஈஸ்ட் பொட்டலத்தை இறுக மூடிக் குளிர்ப் பெட்டியில் வைக்காவிட்டால் ஒரு மாதத்தில் உயிர் போய்விடும்.

புளிக்க நேரமில்லை என்று சமையல் சோடாவைப் போட்டு அவசர ரொட்டி செய்கிறவர்கள் உண்டு. அதில் பைட்டேட் குறைவதற்கு அவகாசமில்லை. சோடாவின் காரம் தானியத்திலுள்ள தையாமின் என்னும் ஜீவசத்தையும் அழிக்கும். உப்பைப் போலவே அதிலும் சோடியம் உண்டாகையால் ரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணிகளுக்கு உகந்ததன்று. என்றைக்கோ ஒரு நாள் விசேஷத்துக்குக் கேக் செய்வதை நாம் தடுக்கவில்லை. அதைச் சத்துணவு என்று அழைப்பதைத்தான் தடுக்கிறோம்.

மின்சார அடுப்பு இல்லாத வீடுகளில் கனமான பாத்திரத்தின் அடியில் இரண்டு விரற்கடை மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே ஒரு முக்காலி வைத்து, மூடிப் பத்துப் பதினைந்து நிமிஷம் காயவிட்டு, ரொட்டித் தகரத்தை இறக்கிச் சிறு தீயில் முக்கால் மணிக்கு மேல் வைத்தால் ரொட்டி வெந்துவிடும். பிரஷர் குக்கரை உபயோகித்தால் ரப்பர் வளையத்தையும் விசிலையும் எடுத்துவிட வேண்டும், மறந்தால் ஆபத்து. மாமல்லபுரம் போனவர்கள் கடற்கரை மணலை அள்ளி வர வேண்டாம். அதில் சிப்பியும் ஈரமும் அதிகம். கல்லுப்பே சுலபம்.

அந்தக் கல்லுப்பு பாத்திரத்தின் அடியிலேயே இருக்கட்டும். மாவில் போடும் உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்க வேண்டும். கேளம்பாக்கம், கோவளம், தெற்கே மரக்காணம் ஆகிய உப்பளங்களின் பெயரைக் கேட்டு வளர்ந்த நம் ஜனங்களுக்கு, கடலுப்பே போதாதா என்று தோன்றுவது இயல்பு. கடல் நீரில் அயோடின் உண்டு. ஆனால் அளத்தில் விளையும் உப்பில் தேவைக்குப் போதுமான அளவு தங்குவதில்லை. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சி அதைப் பொறுத்தது. 1930-இல் வேதாரணியத்தில் ராஜாஜியின் தலைமையில் உப்புச் சட்டத்தை மீறிய நாட்டில், எந்த உப்பை விற்கலாம் என்று மறுபடியும் ஒரு சட்டமா என்று கோபித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். 1998-இல் அயோடின் கலவாத உப்பை உணவுக்காக விற்பதற்கு விதித்த தடை 2000-த்தில் நீக்கப்பட்டு, 2006-இல் திரும்ப வந்தது அந்த விவாதத்தினால்தான். அன்றைய உப்பு வரி ஏழையின் சட்டிக்கு விதித்த வரி. இதுவோ ஏழையின் குழந்தைக்கு அறிவு குன்றாமல் இருப்பதற்கு ஏற்பட்ட ஏற்பாடு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல என்பது நமது அபிப்பிராயம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் நிர்ணயித்த அளவு. முழுக்கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 100 கிராமுக்குச் சுமார் 4 முதல் 5 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஆகவே நாம் சொன்ன முழு ரொட்டியிலும் சேர்ந்து 17 மில்லிகிராம் தேறலாம். அதில் ஐந்தில் ஒரு பாகம் ஒரு வேளைக்கு உண்டால் மூன்றரை மில்லிகிராம்கூட இல்லை. அதிலும் உடம்பில் சேர்வது ஒரு சிறு பகுதியே. சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. நாலாம் மாதம் முதல் குறைந்தது 180 நாட்கள் அதைச் சாப்பிட வேண்டும். மாத்திரையைத் தள்ளிவிட்டு ரொட்டியைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று இனி நாம் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையால் மலம் கறுக்கும். சிலருக்கு மலச்சிக்கலும் உண்டாகும். இந்தத் தவிட்டு ரொட்டி அதற்கு நல்ல துணை.

மண், சாம்பல், பச்சரிசி இவற்றைத் தின்னும் ஆசை மசக்கையின் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போகிறோம். இரும்புச்சத்துக் குறைவினாலும் அந்த ஆசை உண்டாகும். வைத்தியரிடம் அதை மறைக்கக் கூடாது. நம் வீடுகளில் மற்றொரு வழக்கம், ரொட்டியையும் காபியையும் பிரிக்கவே முடியாதென்பது. காபியும் தேநீரும் ஆகாரத்திலுள்ள இரும்பை வீணாக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நலம். ரொட்டிக்குத் துணையாக முருங்கைக்கீரைத் துவட்டலும் நெல்லிக்காய்ப் பச்சடியும், மீன் உண்பவர்களுக்கு நெத்திலியும் பொருத்தமானவை. பால் சுரக்கும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது கடற்கரையில் பழைய வழக்கம். சுறா பெரிய மீனாகையால் அதன் மாமிசத்தில் பாதரசம் அதிகமாகச் சேர்கிறது. கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் அதை விலக்கும்படி இன்றைய வைத்தியம் சொல்கிறது.

வெல்லம் போட்ட கேக் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது மற்றொரு மயக்கம். ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைப் பொறுத்தவரை வெல்லமும் சர்க்கரைக்கு உறவுதான். கர்ப்ப காலத்தில் வரும் நீரிழிவைக் கண்டுபிடிக்கச் சென்னை வைத்தியர் வி. சேஷையா வற்புறுத்திப் பரப்பிய சோதனை மிகவும் எளியது. பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சிகிச்சை வேண்டும். வளைகாப்புக்கு வந்தவர்கள் ஊட்டும் இனிப்பை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அதற்கு வெகு முன்னதாகவே இந்தச் சோதனை முடிந்ததா என்று கேட்பது உறவினருக்கு அழகு.

கேக் மாவில் பச்சை முட்டை சேர்ந்திருந்தால் கரண்டியை நக்கிப் பார்ப்பதைக் கர்ப்பிணிகள் விட்டுவிட வேண்டும். வேகாத கோதுமை மாவும் அப்படியே. சுடும் அடுப்பின் முன் நெடுநேரம் நிற்பதும் கூடாது. பிசைவதற்கு வீட்டில் வேறு கைகள் இருக்கின்றன.

முதல் மூன்று மாதங்களில் காலையில் தலை தூக்கியவுடனே குமட்டுகிறது என்பவர்களுக்கு இந்த ரொட்டி ஒரு உபகாரம் செய்யும். முதல் நாள் ரொட்டியை மெல்லிய துண்டுகளாக வெட்டி, சிறு தீயில் ஈரம் வற்றும் வரையில் காயவைத்து, ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் படுக்கையின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்குமுன் படுத்தபடியே ஒரு துண்டை மென்று தின்று, கால் மணி நேரம் கழித்து எழுந்தால் குமட்டல் பெரிதும் அடங்கும். தண்ணீர்கூடக் குடலில் தங்காமல் ஓயாத வாந்தியாக இருந்தால் டப்பாவை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.